எடையற்ற பணிமேசை: வெல்க்ரோவா, காந்தமா, காற்றா?

பூமியில் ஒரு ஸ்க்ரூவை மேசைமேல் வைத்தால் அது அங்கேயே கிடக்கிறது. அதற்குக் காரணம் மேசை மட்டுமல்ல. ஸ்க்ரூவின் எடை அதை மேசையில் அழுத்துகிறது, அந்த அழுத்தம் உராய்வைத் தருகிறது. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் பூமியின் ஈர்ப்பு ஏறத்தாழ 90 சதவீதம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நிலையமும் அதற்குள் உள்ள எல்லாமும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் எதுவும் எதன் மேலும் அழுந்துவதில்லை. அழுத்தம் போனதும் உராய்வும் போய்விடுகிறது. அது செய்துவந்த வேலையை அங்கே வேறு ஏதாவது செய்தாக வேண்டும்: வெல்க்ரோ, காந்தம், எலாஸ்டிக் பட்டை, காற்றின் இழுப்பு எனப் பல வழிகள் உண்டு.

இந்த வழிகளை ஒப்பிடும்போது எது அதிக பலமாகப் பிடிக்கிறது என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, பொருளை வைக்கும்போதும் எடுக்கும்போதும் அதற்கு எவ்வளவு உந்துதல் கிடைக்கிறது என்பது. நொடிக்கு 2 செ.மீ. என்ற மெல்லிய நகர்வுகூட ஒரு நிமிடத்தில் 1.2 மீட்டர் ஆகிவிடும். திரும்பிப் பார்ப்பதற்குள் பொருள் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கும்.

வெல்க்ரோவில் தொடங்குவோம்: ஒன்றில் குட்டிக் கொக்கிகளும் மற்றதில் வளையங்களும் உள்ள, அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் இரண்டு துணிப்பட்டைகள். எடை குறைவு, மின்சாரம் வேண்டாம், சுவர், கூரை என எங்கும் ஒட்டலாம். எடையற்ற இடத்தில் எல்லாப் பரப்பும் மேசைதான் என்பதால் இது சின்ன வசதி இல்லை. ஆனால் மூன்று விஷயங்கள் இடிக்கின்றன. முதலாவது, பிடித்துவைக்க வேண்டிய ஒவ்வொரு பொருளிலும் முன்கூட்டியே ஒரு துண்டு ஒட்டியிருக்க வேண்டும், அதுவும் கொக்கிப் பக்கமா வளையப் பக்கமா என்ற ஒழுங்கு மாறாமல். இரண்டாவது, பிரிக்கும்போது வரும் வெடுக்கென்ற இழுப்பு. கையில் இருப்பது தப்பாவிட்டாலும், அதே பரப்பில் அரைகுறையாக ஒட்டியிருக்கும் இன்னொன்று கழன்று கிளம்பிவிடலாம். மூன்றாவது, நெருப்பு. 1967 ஜனவரி 27-ல் அமெரிக்காவின் அப்பல்லோ 1 விண்கலக் கூண்டில், தரையில் நடந்த ஒத்திகையின்போது தீப்பிடித்து விண்வெளி வீரர்கள் கிரிஸ்ஸம், வைட், சாஃபி மூவரும் இறந்தார்கள். உள்ளே வெளிக்காற்றழுத்தத்தைவிட அதிக அழுத்தத்தில் தூய ஆக்சிஜன். தாராளமாக ஒட்டியிருந்த வெல்க்ரோவும் நைலான் வலைகளும் தீ பரவ எரிபொருளாயின. அதன்பிறகு விண்கலத்துக்குள் எரியக்கூடிய பொருள் எதை, எவ்வளவு, எங்கே வைக்கலாம் என்பதற்குக் கடுமையான கட்டுப்பாடு வந்தது. வசதிக்காக மேசை முழுவதும் வெல்க்ரோ ஒட்டும் வடிவமைப்பை நான் ஏற்காததற்கு இதுவே போதும்.

காந்தம், எடுக்கும் விஷயத்தில் வெல்க்ரோவைவிட நல்லது. பக்கவாட்டில் நழுவவிட்டு மெல்லத் தூக்கினால் உதறல் இல்லை, ஒரு கை போதும். 1973-ல் ஏவப்பட்ட அமெரிக்காவின் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தின் சாப்பாட்டுத் தட்டுகளில் கரண்டிகளைக் காந்தம்தான் பிடித்து வைத்திருந்தது. வைக்கும்போதுதான் கவனம் வேண்டும், கடைசி இடைவெளியில் பொருள் தானாகத் தாவி ஒட்டும். பெரிய குறை வேறு: அலுமினியம், டைட்டானியம், பிளாஸ்டிக் எதையும் காந்தம் இழுக்காது, துருப்பிடிக்காத எஃகிலும் பல வகைகள் ஒட்டாது. விண்கலத்தில் புழங்கும் பொருள்களில் பெரும்பகுதி இவைதான். ஸ்பேனர் தட்டுக்குக் காந்தம் சரி, மேசை முழுவதற்கும் சரிவராது.

அடுத்தது எலாஸ்டிக் பட்டை. இதைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன். மற்றவை பொருளை ஒட்டவோ இழுக்கவோ பார்க்கின்றன. பட்டையோ பொருளை மேசைமேல் அழுத்தி, காணாமல்போன உராய்வைத் திரும்பக் கொண்டுவருகிறது. என்ன உலோகம், என்ன வடிவம் என்று அது கேட்பதில்லை. உருவும்போது ஒரு விரலால் பட்டையைத் தூக்கிப் பிடித்தால் உந்துதலும் மிகக் குறைவு. ஆனால் ஒரே பட்டைக்குக் கீழே நாலைந்து பொருளைச் செருகினால், ஒன்றை எடுத்ததும் மற்றவை தளர்ந்துவிடும். ஆகவே நீளமான ஒரே பட்டையைவிட, அடிக்கடி தைத்துப் பிரித்த குட்டிக் கண்ணிகள் மேல்.

ஸ்க்ரூ, வாஷர் போன்ற பொடிப்பொருள்களைப் பட்டை பிடிக்காது. அவற்றுக்கு ஜிப் வைத்த தெளிவான பிளாஸ்டிக் பை, அல்லது பசைப் பக்கம் மேலே இருக்கும்படி விரித்த டேப். கழற்றிய வரிசையிலேயே ஸ்க்ரூக்களை டேப்பில் பதித்துவிட்டால் திரும்ப மாட்டுவதும் எளிது.

காற்றை நம்பலாமா? ஸ்கைலேப்பில் எதையாவது தொலைத்தால், காற்றை உள்ளிழுக்கும் வலையில் போய்த் தேடினார்கள். மிதந்த பொருள் கடைசியில் அங்கே வந்து ஒட்டியிருக்கும். இதையே மேசையாக்கி, துளைத் தட்டுக்கு அடியில் விசிறி வைக்கலாம். காகிதத் துண்டு, தூசு, உலோகத் துகள் என முன்கூட்டி எதையும் ஒட்டிவைக்க முடியாதவற்றை இது மட்டுமே பிடிக்கும். ஆனால் விசிறி ஓயாமல் இரைச்சல் போடும், மின்சாரம் தின்னும், துளைகளை ஒரு காகிதம் மூடினால் அங்கே இழுப்பு போய்விடும். கனமான கருவியைத் தட்டினால் அதை நிறுத்தவும் பலம் போதாது. தப்பியதைப் பிடிக்கும் இரண்டாவது அரணாக இருக்கட்டும், முதல் பிடிமானமாக வேண்டாம்.

கண்ணாடிச் சில்லு, திரவத் துளி, புகை என்று வந்துவிட்டால் பேச்சே இல்லை, கையுறைப் பெட்டிதான்: மூடிய பெட்டிக்குள், அதில் பொருத்திய கையுறைகள் வழியே கைவிட்டு வேலை செய்வது. 2002-ல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன ஐரோப்பியத் தயாரிப்பான பெட்டிக்கு 255 லிட்டர் கொள்ளளவு. உள்ளே அழுத்தம் சற்றுக் குறைவாக இருப்பதால் கசிவு ஏற்பட்டாலும் காற்று உள்நோக்கித்தான் போகும். அதற்குக் கொடுக்கும் விலை, கையுறை வழியே மங்கிப்போகும் தொடுவுணர்ச்சி.

இத்தனைக்கும் முன்னால் பிடித்துவைக்க வேண்டிய ஒன்று உண்டு: வேலை செய்பவர். ஸ்க்ரூவைத் திருகினால் அது உங்களைத் திரும்பத் திருகும். 1966 செப்டம்பரில் அமெரிக்காவின் ஜெமினி 11 விண்கலப் பயணத்தில் ரிச்சர்ட் கார்டன் சரியான பிடிமானம் இல்லாமல் போராடிக் களைத்து, விண்நடையை, அதாவது கலத்துக்கு வெளியே செய்த வேலையை, பாதியில் முடித்தார். இரண்டே மாதம் கழித்து ஜெமினி 12-ல் பஸ் ஆல்ட்ரினுக்குக் கால்தாங்கிகளும் கைப்பிடிகளும் இடுப்புக் கயிறும் இருந்தன. நீருக்கடியில் பயிற்சியும் எடுத்திருந்தார். போல்ட் திருகுவது உட்பட எல்லா வேலையையும் நிதானமாக முடித்தார். அப்புறம் மேசையின் உயரம். எடையற்ற நிலையில் உடல் தானாகவே முழங்கால் மடங்கி, கைகள் மார்புக்கு முன் உயர்ந்து நிற்கும். இடுப்பளவில் மேசை வைத்தால் வயிற்றுத் தசையை இறுக்கிக்கொண்டே குனிந்திருக்க வேண்டும், சீக்கிரம் வலிக்கும். மேசையை உயர்த்திச் சாய்க்க வழியில்லாத வடிவமைப்பை, அதில் என்ன பட்டை, என்ன காந்தம் இருந்தாலும் நான் தள்ளிவிடுவேன்.

நிலையத்துக்கு வெளியே முக்கியமாகக் கட்டுக்கயிறுதான், அதிலும் ஒரு கொக்கி விட்டுப்போனால் அவ்வளவுதான். 2008 நவம்பரிலும் 2023 நவம்பரிலும் விண்நடையின்போது கருவிப் பைகள் கைநழுவிப் போயின.

புதிய வழிகளில் என் கவனம் பல்லிக் கால் ஒட்டுப்பரப்பின் மேல்தான். நுண்ணிய முடிகள் போன்ற அமைப்பு, பசை கிடையாது. ஒரு திசையில் இழுத்தால் பிடிக்கிறது, இழுப்பைத் தளர்த்தினால் விட்டுவிடுகிறது. 2016-ல் இதைச் சோதனைக்காக நிலையத்துக்கு அனுப்பினார்கள். எதிர்த்துண்டு வேண்டாம், உலோகம் எது என்ற கேள்வி இல்லை, உதறலும் இல்லை. சொரசொரப்பான பரப்பிலும் தூசு படிந்த பரப்பிலும் பிடி குறையும் என்பதால், துணி உறை போட்ட கருவிகளுக்கு எலாஸ்டிக் பட்டையை இப்போதைக்குக் கழற்ற முடியாது.