வாயில் பஞ்சை வைத்துவிட்டு ஓடிபி கேட்டார்கள்

சென்னையில் பல் வைத்தியத்துக்குத் தவணை போட்டுத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 42,000 ரூபாய் கடன். காப்பாற்றத்தான் போனேன், அந்தக் கடைவாய்ப் பல்லும் போய்விட்டது.

தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை எனக்கு. செவ்வாய் ஒரு நாள்தான் லீவு. மேற்கொண்டு ஒரு நாள் எடுத்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். கீழ்த்தாடையில் இடது பக்கக் கடைவாய்ப் பல் ஒன்றரை வருடமாகச் சொத்தை. வலிக்கும்போது மெடிக்கலில் மாத்திரை, இல்லாவிட்டால் கிராம்புத் தைலம். போன வருடக் கடைசியில் வலி தானாகவே நின்றது. சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். உள்ளே நரம்பு செத்துப்போனாலும் வலி நிற்கும், கிருமி மட்டும் வேர் வழியாக எலும்புக்கு இறங்கிக்கொண்டே இருக்கும் என்று அப்போது எனக்குச் சொல்ல ஆளில்லை.

பொங்கல் கழிந்து ஒரு கிளினிக்கின் ‘இலவசப் பரிசோதனை’ நோட்டீஸ் கடைக்கே வந்தது. இரவு பத்து மணி வரை திறந்திருக்கும் என்று போட்டிருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் போனேன். டாக்டர் இரண்டு நிமிடம் கண்ணாடி வைத்துப் பார்த்தார். “ஆறு பல் சொத்தைம்மா. மூணுக்கு ரூட் கெனால், கேப். மூணுக்கு அடைச்சுக்கலாம். ரெண்டே சிட்டிங்ல முடிச்சிடலாம்.” (ரூட் கெனால் என்றால் வேருக்குள் இருக்கும் கெட்டுப்போன நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைப்பது. கேப் என்றால் அந்தப் பல்லுக்கு மேல் போடும் உறை.) எக்ஸ்ரே எடுக்க வேண்டாமா என்று கேட்டேன். “பாத்தாலே தெரியுதே” என்றார்.

அன்றைக்கே மரத்துப்போகும் ஊசி போட்டு, கன்னத்துக்குள் பஞ்சை அடைத்து உட்கார வைத்தார்கள். ரிசப்ஷன் பெண் என் போனை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். “அக்கா, பேரு பதியறதுக்கு ஒரு ஓடிபி வரும், காட்டுங்க.” வாய் திறக்க முடியாமல் தலையை ஆட்டிக் காட்டினேன். வீட்டுக்குப் போய் மெசேஜைப் பார்த்தால், ஒரு நிதி நிறுவனத்தில் என் பேரில் 42,000 கடன், 12 மாதம், மாதம் 3,500. முழுப் பணமும் அன்றைக்கே கிளினிக் கணக்குக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு என் பல்லை முடித்துத் தர அவர்களுக்கு என்ன அவசரம்?

இரண்டாவது சிட்டிங்கில் போர்டில் பேர் போட்ட டாக்டரைக் காணவில்லை. ஒரு சின்னப் பையன்தான் மூன்று பல்லுக்கும் ரூட் கெனால் செய்தான். கேப் வந்ததும் கூப்பிடுவோம் என்றார்கள். கூப்பிடவில்லை. நாலாவது வாரம் கன்னம் வீங்கி, வாயை இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்க முடியவில்லை. போன் செய்தால், “அப்படித்தான் இருக்கும், மாத்திரை போடுங்க.” மறுநாளிலிருந்து போனையே எடுக்கவில்லை. (தாடை வீங்கி, காய்ச்சலும் வந்து, எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தால் மாத்திரையை நம்பிக் காத்திருக்காதீர்கள். நேராக பெரியாஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்கள்.)

நான் ராயபுரம். தினமும் பீச் ஸ்டேஷனில் ஏறி மாம்பலத்தில் இறங்குகிறேன். முதல் நிறுத்தம் கோட்டை. அதற்குப் பக்கத்தில்தான் 1953-லிருந்து அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சொத்தைப் பல்லோடு ஒன்றரை வருடம் அதைத் தாண்டியே போய்வந்திருக்கிறேன். அரசாங்கம் என்றால் நாள் முழுக்க நிற்கணும் என்ற பயம்தான்.

கன்னம் வீங்கின பிறகு கடைசியில் அங்கேதான் போனேன். முதல் வேலையாக எக்ஸ்ரே எடுத்தார்கள். படிக்கிற பெண் ஒருத்தி பார்த்துவிட்டு, உடனே தன் மேடத்தைக் கூட்டி வந்தாள். அவர் படத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்தக் கடைவாய்ப் பல்லில் ஒரு வேரின் நுனியில் வெள்ளையாக, தலைமுடி மாதிரி ஒரு கோடு, முனை வளைந்து. உடைந்த ஃபைல், அதாவது வேர்க் குழாயைச் சுத்தம் செய்யும் ஊசி மாதிரியான கருவி. “இந்தப் பல்லுக்கு ரெண்டு வேர், பெரும்பாலும் மூணு குழாய் இருக்கும். மத்த ரெண்டுல கையே வெக்கலையேம்மா.” கேப் இல்லாமல் மென்றதில் பல்லும் வேர் வரை விரிசல் விட்டிருந்தது. பிடுங்குவதைத் தவிர வழியில்லை. அடைக்கணும் என்று கிளினிக்கில் சொன்ன மூன்று பல்லில் இரண்டு வெறும் கறை.

ஃபைல் உடைவது நல்ல டாக்டர் கையிலும் நடக்கும் என்று அந்த மேடமே சொன்னார். என் கோபம் உடைந்ததற்கு அல்ல, என்னிடம் மறைத்ததற்கு. ரூட் கெனால் என்றால் ஆரம்பிக்கும் முன் ஒரு எக்ஸ்ரே, முடிந்ததும் ஒன்று. இரண்டையும் கேட்டு வாங்கிப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். காசும் நேரமும் குறைவு என்றால் எந்தப் பல் அவசரம் என்று கேட்டு, அது ஒன்றுக்கு மட்டும் பணம் கட்டுங்கள். சின்னச் சொத்தையை அடைக்க ஒரே தடவை போனால் போதும். தள்ளிப்போட்டால்தான் அது ரூட் கெனாலாகிறது.

கல்லூரியில் எனக்கு நாலு செவ்வாய்க்கிழமை போனது. ரயில் டிக்கெட்டோடு சேர்த்து 500 ரூபாயைத் தாண்டவில்லை.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, நடந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் கொடுக்கணும். 1915 எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்கிறார்கள். என் கையில் கிளினிக் கொடுத்த சீட்டு ஒன்றுகூட இல்லை. கடன் மெசேஜும் கல்லூரி எக்ஸ்ரேயும்தான் ஆதாரம். இந்த மாதம் 5-ம் தேதியும் 3,500 போய்விட்டது. இன்னும் நாலு தவணை பாக்கி.