செகண்ட் ஹேண்ட் மிரர் டிங்கி: குழந்தைகளோடு முதல் பாய்மரப் படகு வாங்குவோருக்கு

மிரர் டிங்கி என்ற சிறு பாய்மரப் படகின் வெற்றுடல் எடை 45.5 கிலோ. பாய், பாய்மரம், கயிறெல்லாம் கழற்றிவிட்டால் பெரியவர்கள் இரண்டு பேர் தூக்கிக் காரின் மேல் வைத்துவிடலாம். தள்ளுவண்டியில் ஏற்றினால் ஒரே ஆள் தண்ணீர் வரை உருட்டிக்கொண்டு போகலாம். பிள்ளைகளோடு முதல் படகு வாங்குகிறவர் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இந்த எடையைத்தான். இறக்கவும் ஏற்றவும் ஒவ்வொரு முறையும் ஆள் தேட வேண்டிய படகு, இரண்டாவது மாதத்திலிருந்து தார்ப்பாய்க்கு அடியில்தான் கிடக்கும்.

இங்கே பேசுவது பிரிட்டனில் பழையதாக விற்பனைக்கு வரும் மர மிரரைப் பற்றி. நீளம் 3.3 மீட்டர், அகலம் 1.39 மீட்டர், மூக்கு கூராக இல்லாமல் வெட்டிவிட்டது போல மொட்டையாக இருக்கும், பாய் சிவப்பு. படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும், பி.பி.சி. தொலைக்காட்சியில் வீட்டுத் தச்சுவேலை சொல்லிக்கொடுத்த பேரி பக்னெல்லும் சேர்ந்து 1962-ல் உருவாக்கியது. டெய்லி மிரர் நாளிதழின் ஆதரவில் 1963-ல் சந்தைக்கு வந்தது. பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். பிளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, தையலின் மேல் ஃபைபர்கிளாஸ் நாடாவை ரெசின் என்ற இறுகும் பிசினால் ஒட்டினால் படகு தயார். 63 பவுண்டு 11 ஷில்லிங்குக்குப் பெட்டியில் வந்த பாகங்களை வீட்டு கராஜிலேயே கோத்தார்கள். இதுவரை 70,000-க்கும் மேல் கட்டப்பட்டிருக்கின்றன.

வாங்குகிறவருக்கு இதனால் ஒரு லாபம், ஒரு தொல்லை. நிறைய இருப்பதால் மலிவு: மர மிரர், தள்ளுவண்டியோடு சேர்த்தே, பெரும்பாலும் சில நூறு பவுண்டுக்குள் முடிந்துவிடும். தொல்லை என்னவென்றால், பெரும்பாலானவை தச்சு தெரியாதவர்கள் ஓய்வு நேரத்தில் கட்டியவை. ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. ஒருவர் நாடாவை நிதானமாக அழுத்தி ஒட்டியிருப்பார், இன்னொருவர் மழை வருவதற்குள் முடித்துவிடப் பார்த்திருப்பார். ஆகவே "மிரர் நல்ல படகா?" என்று கேட்பதில் பயனில்லை. எதிரே நிற்கும் இந்த மிரர் எப்படி என்றுதான் பார்க்க வேண்டும்.

பார்க்கப் போகும்போது ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு பழைய துணி, வீட்டில் உடல் எடை பார்க்கும் கருவி ஆகியவற்றை எடுத்துப் போங்கள். முதலில் எடை. ஒரு முனையைக் கருவியின் மேலும் மறுமுனையை அதே உயரத்தில் ஒரு கட்டையின் மேலும் வைத்து அளந்து, பிறகு முனை மாற்றி அளந்து, இரண்டையும் கூட்டுங்கள். ஐம்பது கிலோவை ஒட்டி வந்தால் சரி. அறுபதைத் தாண்டினால் மரம் தண்ணீர் குடித்திருக்கிறது, அல்லது யாரோ பெயின்ட் மேல் பெயின்ட் அடித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். இரண்டுமே நல்ல செய்தி இல்லை.

அடுத்து ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல பிளைவுட் 'டக் டக்' என்று சொல்லும். உளுத்த இடத்தில் சத்தம் அமுங்கித் 'தொப்' என்று விழும். உளுக்கும் இடங்கள் தெரிந்தவைதான்: பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் படகில் பொருந்தும் தகடுகளைச் சுற்றி, பின்பலகையின் அடி மூலைகள், பாய்மரத்தின் அடி உட்காரும் குழி, டேகர்போர்டு (படகு பக்கவாட்டில் நழுவாமல் தண்ணீருக்குள் இறக்கும் பலகை) செருகும் பெட்டி படகின் தரையைத் தொடும் இடம், படகை மிதக்க வைக்கும் மூடிய காற்றறைகளில் முன்பக்கத்து அறையின் உட்புறம். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூடிரைவரின் முனையை லேசாக அழுத்துங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், நல்ல மரத்தில் அது இறங்காது.

கடலில் ஓடிய படகுதான் சீக்கிரம் உளுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மிரரைக் கெடுப்பது மழைத்தண்ணீர். உப்புநீரில் மரத்தை அரிக்கும் பூஞ்சை எளிதில் வளராது. கரையில் நிமிர்த்தி வைத்த படகில், ஓட்டைத் தார்ப்பாய் வழியாக இறங்கி மாதக்கணக்கில் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் அது செழிக்கும். காற்றறை மூடிகளை இறுக்கிப் பூட்டிக் குளிர்காலம் முழுக்கப் போட்டு வைத்திருந்தால் உள்ளே வியர்த்து வியர்த்தே உளுத்துவிடும். மூடியைத் திறந்ததும் ஈரப் பாதாளறை நாற்றம் அடித்தால் டார்ச்சை உள்ளே விட்டு நன்றாகப் பாருங்கள். கறுப்புத் திட்டுகள் கண்ணில் படும்.

நாடா அடுத்தது. அந்தக் கால கிட்களில் வந்தது பாலியெஸ்டர் ரெசின். மரத்தை அது எபாக்சி என்ற இன்னொரு வகை ரெசின் அளவுக்குக் கெட்டியாகப் பிடிக்காது. வருடங்கள் போகப் போக நாடாவின் ஓரம் மேலெழும்பும், உள்ளே வெளுத்துப்போன பட்டை தெரியும். நகத்தை நுழைத்துப் பாருங்கள். ஒரு சாண் அளவுக்கு விட்டிருந்தால் பரவாயில்லை, ஒரு வாரக் கடைசி வேலை. நீளமாகப் பல இடங்களில் விட்டிருந்தால் விலையை நன்றாகக் குறையுங்கள், இல்லை விட்டுவிடுங்கள். பழுது பார்க்கும் முறை இது: விட்ட நாடாவைக் கெட்டியாக ஒட்டியிருக்கும் இடம் வரை உரித்தெடுக்க வேண்டும். மரம் முழுக்கக் காயும்வரை காத்திருக்க வேண்டும். இதற்குச் சில வாரங்கள் பிடிக்கலாம். பிறகு வெறும் மரம் தெரியத் தேய்த்து, எபாக்சியும் 50 மில்லிமீட்டர் கிளாஸ் நாடாவும் போட வேண்டும். பழைய நாடாவின் மேலேயே புது நாடா ஒட்டுவது வீண். அடியில் இருப்பது கழன்றால் மேலே இருப்பதும் கூடவே வந்துவிடும். குளிர்காலத்தில் சூடில்லாத கராஜில் இந்த வேலையைத் தொடங்கவே தொடங்காதீர்கள். எபாக்சி இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிட்டால் சுரண்டி எடுப்பது பெரும்பாடு.

காற்றறைகளில் கசிவு உண்டா என்பது பிள்ளைகளின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. படகு கவிழ்ந்தால் அதை மிதக்க வைப்பது இவைதான். மூடிகளை இறுக்கிவிட்டு, தண்ணீர் வடியும் துளையில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி வாயால் மெல்ல ஊதுங்கள். இன்னொருவர் தையல்கள் மேலும் மூடி விளிம்பிலும் சோப்புத் தண்ணீர் தடவட்டும். நுரை வரும் இடம் ஓட்டை. சைக்கிள் பம்ப்போ கம்ப்ரெசரோ வேண்டாம். அந்த அழுத்தத்தில் நல்ல தையலும் பிரிந்துவிடும். மூடி விளிம்பில் நுரை வந்தால் பயப்படத் தேவையில்லை, ரப்பர் வளையம் மாற்றினால் தீர்ந்தது.

பாய்மரக் கம்பிகளைத் துணியால் மேலிருந்து கீழாக உருவுங்கள், வெறுங்கையால் அல்ல. துணி சிக்கினால் கம்பியின் இழை அறுந்திருக்கிறது; அந்தக் கம்பியை மாற்றியே ஆக வேண்டும். பாய் பழசாக, தொய்வாக இருந்தால் முதல் இரண்டு வருடத்துக்குக் கவலையில்லை. கிழிசலும் தையலும் மட்டும் பாருங்கள். புதுப் பாய் ஒரு ஜோடி வாங்கினால் அது படகின் விலையையே தாண்டிவிடும், எனவே நல்ல பாய் கூட வந்தால் கொஞ்சம் அதிகம் கொடுக்கலாம். ஆனால் உளுத்த உடலோடு வரும் புதுப் பாய்க்கு மயங்காதீர்கள். பாயை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

இனி தண்ணீரில் எப்படி என்று பார்ப்போம். மிரரின் பாய்மரம் குட்டையானது. பாயின் மேல்பாதியைத் தாங்கும் இன்னொரு கழி, பாயை ஏற்றும்போது மரத்தோடு ஒட்டி நெட்டுக்குத்தலாக மேலேறி நிற்கும். இதற்கு கன்டர் ரிக் என்று பெயர். கழற்றினால் எல்லாக் கழிகளும் படகுக்குள்ளேயே அடங்கிவிடுவதால் கார் கூரையில் கொண்டு போவது சுலபம். புதிதாகப் பழகுகிறவர்கள் தப்பு செய்வதும் இதில்தான். கழி மரத்தோடு ஒட்டும்வரை கயிற்றை இழுத்துக் கட்டாவிட்டால் அது பின்னால் சாய்ந்து தொங்கும். பாயில் கோணலாகச் சுருக்கங்கள் விழும், படகு காற்றை நோக்கி ஏறவே ஏறாது. "பழைய படகு, போக மாட்டேங்குது" என்று அலுத்துக்கொள்கிறவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கயிற்றை இன்னும் ஒரு சாண் இழுத்துக் கட்டினால் போதும்.

இரண்டு பாய்களும் சேர்ந்து சுமார் 69 சதுர அடி. ஒரு பெரியவர் சுக்கானையும் பெரிய பாயையும் பிடிக்க, எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை முன்பாயின் கயிற்றைப் பார்த்துக்கொள்ளலாம். சும்மா உட்காரச் சொன்னால் பதினைந்து நிமிடத்தில் அலுத்துவிடும் பிள்ளை, கையில் கயிறு இருந்தால் அலுக்காது. மிரரை வாங்கச் சொல்வதற்கு எடைக்கு அடுத்த காரணம் இதுதான். ஆப்டிமிஸ்ட் 2.36 மீட்டர், ஒரே பிள்ளைக்கானது. அப்பாவோ அம்மாவோ கரையில்தான் நிற்க வேண்டும். டாப்பரும் ஒற்றை ஆள் படகு, பெரிய பிள்ளைகளுக்குப் பொருந்தும். வேஃபேரர் குடும்பமே ஏறக்கூடிய அருமையான படகு, ஆனால் 169 கிலோ. சரிவுப் பாதையில் அதை மேலே இழுக்கும்போது பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கண் தேடும். மிரரில் ஒரு பெரியவரும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் வசதியாகப் போகலாம். இரண்டு பெரியவர்கள் ஏறிவிட்டால் பிள்ளைகளுக்கு முழங்கால் மடக்க இடம் இருக்காது. காற்று கூடினால் முன்பாயை இறக்கிவிட்டு ஓட்டலாம், காற்றே நின்றுபோனால் துடுப்பு போடலாம். இங்கிலாந்தின் உள்நாட்டிலிருந்து கருங்கடல் வரைகூட ஒருவர் மிரரில் போயிருக்கிறார். அதைச் சொல்லிப் பிள்ளைகளை ஆங்கிலக் கால்வாயில் இறக்கிவிட வேண்டாம்.

குறைகளும் உண்டு. பாயின் அடிக்கழி தாழ்வாக ஓடும். திருப்பும்போது தலை குனியாத பிள்ளைக்கு நெற்றி புடைக்கும். முதல் நாளே கரையில் உட்கார வைத்துக் கழியை இப்படியும் அப்படியும் தள்ளிக் குனியப் பழக்குங்கள். டேகர்போர்டு மேலும் கீழும் மட்டுமே நகரும் பலகை, ஆழம் குறைந்த இடத்தில் தரை தட்டினால் தானாக மடங்காது. முட்டும் வேகத்தில் அடிநுனி உடையும், அல்லது பெட்டி விரிந்து கசியத் தொடங்கும். அதற்குப் பயந்து முழுக்க மேலே தூக்கி வைத்தால், பின்காற்றில் பாய் பக்கம் மாறும்போது அடிக்கழியைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கயிறு அதில் மாட்டிக்கொள்ளும். படகு அந்த நொடியே கவிழும். பாதி உயரம் போதும்.

கவிழ்ந்தால் நிமிர்த்துவது சுலபம், நிமிர்ந்த பிறகுதான் வேலையே. பழைய மாடல்களில் உள்ளே நிறையத் தண்ணீர் நிற்கும், தானாக வடியாது. கயிற்றால் கட்டிய ஒரு வாளி கட்டாயம். கட்டாத வாளி கவிழ்ந்ததும் முதலில் போய்விடும். சுக்கானைப் பிடித்திருக்கும் சிறிய தகட்டுக் கொக்கி வளைந்திருந்தால் கவிழ்ந்தபோது சுக்கானும் நழுவிப் போகும். சில்லறைக் காசுச் சாமான், வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள். முதல் தடவை வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகுவதை மீட்புப் படகு இருக்கும் கிளப்பில், கோடையில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் விழுந்தவுடன் மூச்சு திணறும். வெயில் அடிக்கும் மே மாதத்தில்கூடப் பிரிட்டன் கடல் அதைவிடக் குளிராகத்தான் இருக்கும். வெட்சூட் இல்லாமல் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம்.

மிதவைச் சட்டையை வயது பார்த்து வாங்காதீர்கள், எடை பார்த்து வாங்குங்கள். 50 நியூட்டன் (மிதக்க வைக்கும் விசையின் அளவு) பாயன்ஸி எய்ட் என்ற லேசான மிதவைச் சட்டை நீந்தத் தெரிந்தவர்களுக்கு மட்டும். நீந்தத் தெரியாத சின்னப் பிள்ளைக்கு, முகத்தை மேலே திருப்பும் 100 நியூட்டன் லைஃப் ஜாக்கெட்தான். தொடைகளுக்கு நடுவே போகும் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். போட்டுவிட்டுத் தோளைப் பிடித்து மேலே தூக்கினால் காது வரை ஏறக் கூடாது. "அடுத்த வருடமும் போடட்டும்" என்று ஒரு அளவு பெரிதாக வாங்குவது பள்ளிக்கூட ஸ்வெட்டருக்குச் சரி, இதற்கு ஆகாது.

பிரிட்டனின் படகோட்டச் சங்கமான ராயல் யாட்டிங் அசோசியேஷனின் லெவல் 1, லெவல் 2 வகுப்புகளைப் பெற்றோர் முடித்துவிட்டுப் படகு தேடுவது நல்லது. பழகும் நாட்களில் காற்று 4 முதல் 10 நாட் வரை (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கி.மீ.) இருந்தால் போதும், கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் நாளில் இறங்க வேண்டாம். கடலுக்கு உரிமம் தேவையில்லை. கால்வாய்க்கும் தேம்ஸ் போன்ற ஆறுகளுக்கும் தேவை. மூன்றாம் தரப்புக் காப்பீடு இல்லாமல் பெரும்பாலான கிளப்புகள் உள்ளே விடாது. சாலை ட்ரெய்லரை உப்புத்தண்ணீரில் இறக்காதீர்கள், சக்கர பேரிங் துருப்பிடித்துப் பாதி வழியில் நின்றுவிடும். தண்ணீரில் இறங்க வேண்டியது தள்ளுவண்டி மட்டும்.

வருடம் ஒரு முறை தேய்த்து வார்னிஷ் அடிக்க மனம் இல்லாதவர்கள் மர மிரரைத் தேட வேண்டாம். ஃபைபர்கிளாஸ் மிரர் விலை அதிகம், பராமரிப்பு மிகக் குறைவு.

வாங்க நல்ல சமயம் அக்டோபர், நவம்பர். படகு நிறுத்தத்துக்கு அடுத்த வருட வாடகை கட்ட விரும்பாதவர்கள் அப்போதுதான் விற்பார்கள். கிளப் அறிவிப்புப் பலகையில் வரும் படகு இணையத்தில் வருவதைவிடப் பெரும்பாலும் மலிவு, அதன் வரலாறு தெரிந்தவர்களும் பக்கத்திலேயே இருப்பார்கள். காசு கொடுக்கும் முன் அங்கேயே பாயை ஏற்றி முழுப் படகையும் கோத்துக் காட்டச் சொல்லுங்கள். பாய்மரம், மேல்கழி, அடிக்கழி, சுக்கான், சுக்கான் பிடி, டேகர்போர்டு, இரண்டு துடுப்பு, இரண்டு பாய், மூன்று கம்பி, எல்லாக் காற்றறை மூடிகளும். "கராஜில் எங்கேயோ இருக்கு, அப்புறம் அனுப்பறேன்" என்று சொல்லும் டேகர்போர்டு வந்து சேராது. அதற்கான விலையைக் கழித்துக்கொண்டே பேசுங்கள்.