சோலார் பேனல் கழுவ வந்தவர்களும் அவர்கள் எடுத்த இரண்டு படங்களும்

பல்லடம் சுற்றுவட்டாரத்தில் மாடியில் சோலார் போட்டிருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். ‘ஆண்டுப் பராமரிப்பு’ என்று சொல்லிக்கொண்டு ஒருவர், இரண்டு பையன்களை அழைத்துக்கொண்டு வீடு வீடாக வருகிறார். நான் 6,300 ரூபாய் கொடுத்தேன். போனது அந்தப் பணம் மட்டும் என்றால் வெட்கத்துக்குப் பயந்து பேசாமல் இருந்திருப்பேன்.

எங்களுடையது 3 கிலோவாட். 540 வாட் பேனல்கள் ஆறு. மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் வாங்கிப் போட்டது. நல்ல வெயில் நாளில் 13 யூனிட் தரும். மாசி பிறந்துவிட்டால் விசைத்தறிப் பஞ்சும் காட்டுப் புழுதியும் சேர்ந்து கண்ணாடியில் அப்பிக்கொள்ளும். போதாததற்கு மயில்கள். இந்த ஊரில் எச்சமிட அவற்றுக்கு எங்கள் பேனலை விட்டால் வேறு இடம் கிடையாது. உற்பத்தி 11 யூனிட்டுக்கு இறங்கியிருந்த நேரம் பார்த்துத்தான் அவர் வந்தார்.

பேச்சு தேன். பேனல் போட்ட கம்பெனியே அனுப்பியதுபோல் பேசினார். அனுப்பினார்கள் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. இரண்டு ஆண்டுக்கு எட்டு முறை கழுவித் தர 3,500 ரூபாய். வேலை தொடங்குமுன், “சார், உற்பத்தி காட்டும் செயலியைத் திறங்கள்” என்று என் கைப்பேசியை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டார். மணி 7.30. திரையில் 410 வாட். எல்லாம் முடிந்து 11.45 மணிக்கு இன்னொரு படம். 2,380 வாட்.

“பார்த்தீர்களா சார், கிட்டத்தட்ட ஆறு மடங்கு!”

முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். வாயைப் பிளந்து பார்த்தேன். அந்தக் குஷியிலேயே ‘நானோ கோட்டிங்’ என்று அவர் நீட்டிய புட்டிக்கு 2,800 ரூபாயும் கொடுத்தேன்.

மத்தியானம் சாப்பிடும்போது என் மனைவி கேட்டாள்: “ஏழரைக்கு வெயில் எங்கே இருந்தது, பன்னிரண்டுக்கு எங்கே இருந்தது? கழுவாமல் விட்டிருந்தாலும் ஏறியிருக்கும்தானே?”

அதற்குப் பிறகு சாதம் இறங்கவில்லை. செயலியில் முந்தைய நாளின் வரைபடத்தைத் திறந்தேன். அழுக்கேறிய அதே பேனல்கள் அதே 11.45 மணிக்கு 2,100 வாட் தந்திருக்கின்றன. கழுவியதால் கூடியது 280. மீதி 1,690 வாட்டும் சூரியன் மேலே ஏறியதால் வந்தது. அதற்கும் சேர்த்து அவரிடம் கூலி கொடுத்திருக்கிறேன்.

சரி, 280 கூடியதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பத்து நாள் தாங்கவில்லை. கார் டாஷ்போர்டுக்குப் பூசும் பாலிஷ் போல வாசம் அடித்த அந்தக் கோட்டிங், பறக்கிற பஞ்சையெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டது. உற்பத்தி 10 யூனிட்டுக்கு வந்தது. ரசீதில் இருந்த எண்ணுக்கு அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. ரசீதில் முகவரி இல்லை. அன்றைக்கு அதைக்கூட நான் பார்க்கவில்லை.

பேனல் போட்டுக் கொடுத்த தம்பியை அழைத்தேன். மேலே போனவர் நெடுநேரம் குனிந்தே இருந்தார். மயில் எச்சத்தைக் கம்பி நாரால் தேய்த்திருக்கிறார்கள். வெயில் தெறித்துப் போகாமல் உள்வாங்குவதற்காகக் கண்ணாடிமேல் மெல்லிய பூச்சு ஒன்று உண்டு; நார் பட்ட இடமெல்லாம் அது போய்விட்டது, கீறலும் விழுந்துவிட்டது. அலுமினியச் சட்டத்தில் வெள்ளை வெள்ளையாக ஆசிட் தின்ற தடம். கழுவியது போர் தண்ணீரில், அதுவும் கண்ணாடி சுட்ட நேரத்தில். ஊற்றியது ஊற்றியபடி காய்ந்து உப்புத் திட்டாக நின்றுவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, பையன்கள் பேனல்மேல் ஏறி நடந்திருக்கிறார்கள். வெப்பம் காட்டும் கேமராவில் நடு பேனலின் ஒரு கட்டம் மட்டும் தனியாகத் தகித்தது. மிதித்ததில் உள்ளே இருக்கும் சிலிக்கான் சில்லில் விரிசல் விட்டிருக்கும் என்றார். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

உற்பத்திக்கு 25 வருட உத்தரவாதம் தந்த பேனல் கம்பெனி, கீறல் படங்களைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டது. “துடைப்பது வீட்டுக்காரர் வேலைதான் அண்ணா, ஆனால் ஐந்து வருடப் பராமரிப்பு எங்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றார் தம்பி. பதில் சொல்ல வாய் வரவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. அந்தப் பையன்களில் ஒருவன் வெறுங்காலோடு ஈரத்தில் நின்றான். கீழே சுவிட்சை அணைத்தாலும், வெயில் இருக்கும்வரை ஆறு பேனல் கோத்த அந்த ஒயரில் 300 வோல்ட் அளவுக்கு இருந்துகொண்டே இருக்கும். ஒரு கனெக்டர் விரிசல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான் கீழே நின்று காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது பதினைந்து நாளுக்கு ஒருமுறை, விடிவதற்கு முன் நாங்களே துடைக்கிறோம். உப்பில்லாத அத்திக்கடவு ஆற்றுக் குடிநீர் இரண்டு வாளி, நீளக் கழி போட்ட மெத்தென்ற துணி மாப்பு, அவ்வளவுதான். சோப்புத்தூள் கிடையாது. ஏறுவதும் கிடையாது, பக்கத்து நடைபாதையில் நின்றே எட்டுகிறது. மயில் எச்சத்தின்மேல் ஈரத்துணியைப் போட்டுக் கால் மணி நேரம் விட்டால் தானாகக் கழன்று வருகிறது. பலன் பார்க்க அந்த நிமிடத்து வாட்டைப் பார்ப்பதில்லை; முந்தைய நாள் மொத்த யூனிட், மறுநாள் மொத்த யூனிட், இரண்டு நாளும் மேகமில்லாமல் இருக்க வேண்டும். கோட்டிங்கை நீக்க ஒரு மாதம் ஆயிற்று. 12 வரை ஏறியிருக்கிறது. 13 இனி வராது.

போன வாரம் எதிர்த் தெருவில் ஒரு வீட்டுக்கு அவர் வந்திருக்கிறார். நம்பிக்கைக்காக இரண்டு படங்களைக் காட்டினாராம். அந்த வீட்டுக்காரர் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, நல்ல ஆளா என்று கேட்டிருந்தார். முதல் படத்தில் 410 வாட், இரண்டாவதில் 2,380.