23,400 ரூபாய் போனது: வீட்டில் சொக்லேட் செய்யச் சாமான் வாங்குபவர்கள் வாசியுங்கோ

நேற்றுப் பின்னேரம் அந்த இணையக் கடைக்காரர்கள் என்னை புளொக் செய்துவிட்டார்கள். ஆத்திரம் அடங்கட்டும் என்று காத்திருந்தால் எழுதாமலே விட்டுவிடுவேன். அதனால் இப்போதே எழுதுகிறேன். போனது 23,400 ரூபாய். கடையின் பெயரைப் போடவில்லை, முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது முதலில் முடியட்டும். எப்படிப்பட்ட கடை என்று மட்டும் சொல்கிறேன்: கேக், சொக்லேட் செய்யும் சாமான்களை விற்கும் இணையப் பக்கம். முகவரி கொழும்பு என்று இருக்கும், ஆனால் தமிழில் கதைப்பார்கள். அந்தத் தமிழில்தான் நான் விழுந்தேன்.

அம்மாவுக்கு இந்த மாதம் அறுபது வயது. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் சின்னம்மாமாருக்கும் அச்சில் வார்த்த சொக்லேட்டைப் பெட்டியில் அடுக்கிக் கொடுக்க வேண்டும் என்று நீண்ட நாள் ஆசை. கடைச் சொக்லேட் வாங்கிக் கொடுக்க எனக்கும் தெரியும். இது வேறு. 2002 சித்திரையில் போரால் மூடிக்கிடந்த ஏ9 பாதை திறந்தபிறகு அப்பா வவுனியாவுக்குப் போய்வந்தபோது ஒரு சொக்லேட் கட்டி வாங்கி வந்தார். அதற்கு முன்னம் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்குமே அலைந்த ஆட்கள் நாங்கள். அம்மா அந்தக் கட்டியை எங்களுக்கெல்லாம் உடைத்துக் கொடுத்துவிட்டுத் தான் வெறும் தாளை மணந்து பார்த்தது எனக்கு மறக்கவில்லை. இந்தமுறை முழுப் பெட்டியும் அம்மாவுக்கு என்று நினைத்திருந்தேன். உள்ளே வைப்பதற்கு எள்ளும் பனங்கட்டியும் சேர்த்து இடித்தது ஒரு வகை, வறுத்த கச்சான் ஒரு வகை.

ஏன் சாதாரணக் கட்டியை உருக்கி ஊற்றாமல் விலையான சொக்லேட் தேடினேன் என்று கேட்பீர்கள். நல்ல சொக்லேட்டில் இருப்பது கொக்கோ பட்டர். அது 34 பாகை செல்சியஸ் அளவில் உருகும். நம் உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் கீழே என்பதால்தான் வாயில் வைத்ததும் கரைகிறது. கூவர்சர் என்று சொல்லும் வகையில் இந்தக் கொக்கோ பட்டர் குறைந்தது 31 வீதம் இருக்க வேண்டும். அதனால் இளகி ஓடி அச்சின் மூலை முடுக்கெல்லாம் மெல்லிதாகப் பிடிக்கும். ஆனால் உருக்கி ஊற்றினால் மட்டும் போதாது. கறுப்புச் சொக்லேட் என்றால் 45 பாகைக்கு மேல் உருக்கி, 27, 28க்கு இறக்கி, மறுபடி 31, 32க்கு ஏற்ற வேண்டும். அப்படிப் பதம் பார்த்தால்தான் (டெம்பர் பண்ணுவது என்பார்கள்) பளபளப்பு வரும், ஒடிக்கும்போது சத்தம் கேட்கும். இறுகும்போது சற்றே சுருங்கி அச்சை விட்டுத் தானாகக் கழன்றுவிடும். எங்கள் பரந்தன் வெயிலில் இதைப் பகலில் செய்ய முடியாது. விடிய முன்னம் எழும்பித்தான் செய்ய வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் திரண்டு கட்டியாகிவிடும். இதையெல்லாம் படித்து, வெப்பமானியும் வாங்கி வைத்துவிட்டுத்தான் சொக்லேட் தேடினேன். கிளிநொச்சியில் நான் கேட்ட கடைகளில் காம்பவுண்ட்தான் இருந்தது. அதில் கொக்கோ பட்டருக்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு. பதம் பார்க்கத் தேவையில்லை, வேலை சுகம், விலையும் குறைவு. அதை விற்பதில் குற்றமில்லை. அதையே கூவர்சர் என்று சொல்லி விற்பதுதான் களவு.

அந்தப் பக்கத்துக்கு எழுதிக் கேட்டேன். கூவர்சர்தானா, கொக்கோ பட்டர்தானா, மூடின பக்கெற்றா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒரு பிள்ளை குரல்பதிவில் பதில் சொன்னாள். "ஓம் அக்கா, பெல்ஜியம் சாமான், நூறு வீதம் ஒரிஜினல்." கட்டியை ஒடித்துக் காட்டும் வீடியோவும் வந்தது, படக்கென்ற சத்தத்தோடு. சாமான் கையில் கிடைத்தபிறகு காசு தரலாமா என்று கேட்டேன். சொக்லேட் திரும்பி வந்தால் உருகிப் பழுதாகிவிடும், அதனால் முற்பணம் மட்டும்தான் என்றாள். அதிலும் நியாயம் இருப்பதுபோலத்தான் பட்டது. நான் யோசிப்பது தெரிந்ததோ என்னவோ, அடுத்த குரல்பதிவு வந்தது. "அக்கா, நானும் வன்னிப் பிள்ளைதான். எங்கட ஆக்களை ஏமாத்துவனே? அம்மாவுக்கெண்டு செய்யிறியள், நான் நல்ல சாமானாப் பாத்து அனுப்புறன்."

அந்த ஒரு சொல்லுக்குத்தான் காசு போட்டேன். இரண்டு கிலோ சொக்லேட்டுக்கு 15,000, கெட்டிப் பொலிகார்பனேற் அச்சு இரண்டுக்கு 7,600, கூரியருக்கு 800. மொத்தம் 23,400 ரூபாய். வங்கியில் வைப்புச் செய்து சிட்டையை அனுப்பியதும் இதயப் படம் போட்டாள். அம்மாவின் பெயரைச் சொல்லி என் நெஞ்சைத் தொட்டாள் பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பாசல் சொன்ன நாளுக்கு வரவில்லை. வந்தபோது சூடு புகாத ரெஜிபோம் பெட்டி இல்லை, ஐஸ் இல்லை, வெறும் மட்டைப்பெட்டி. உள்ளே லேபல் இல்லாத பொலித்தீன் பையில் உடைந்த துண்டுகள். திகதி இல்லை, உள்ளடக்கம் இல்லை, மேலெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. சாம்பல் பூப்பது உருகித் திரும்ப இறுகினாலும் வரும், அதை உருக்கிப் பதம் பார்த்தால் சரியாகிவிடும். எனவே அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு துண்டை வாயில் போட்டபிறகுதான் தெரிந்தது. கரையவே இல்லை. மெழுகுபோல அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது, பழைய எண்ணெய் மணமும் வந்தது. அச்சுகளோ, பிஸ்கட் பக்கெற்றுக்குள் இருக்கும் மெல்லிய தட்டு மாதிரி. காற்றுக்குமிழி போகத் தட்டியபோது ஒன்று மூலையில் வெடித்தது. பொலிகார்பனேற் அப்படி நெளியாது, வெடிக்காது.

இன்னொரு நட்டத்தையும் சொல்ல வேண்டும். சின்னம்மா லண்டனில் இருந்து அனுப்பிய நல்ல கூவர்சர் கொஞ்சம் என்னிடம் இருந்தது. இதுவும் கூவர்சர் என்று அவர்கள் சொன்னதால் இரண்டையும் சேர்த்து உருக்கினேன். அவர்கள் அனுப்பியதில் இருந்தது பாம் (செம்பனை) விதைக் கொழுப்பு என்று பிறகுதான் தெரிந்தது. அதுவும் கொக்கோ பட்டரும் ஒன்றோடொன்று சேராது. சேர்த்தால் இளகிப்போய் இறுகாமல் கிடக்கும். அப்படியே கிடந்தது. நல்லதும் போய்விட்டது.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில், "கூரியர்காரரிட்டக் கேளுங்கோ அக்கா." கூரியர்காரர், தந்ததைக் கொண்டுவந்து தந்தோம் என்றார். பிறகு, "உங்கட பக்கம் வெயில் கூட, அதான்." வெயில் உருக்கும், கொக்கோ பட்டரைப் பாம் கொழுப்பாக மாற்றாது. பிறகு, "உங்களுக்கு டெம்பர் பண்ணத் தெரியேல்ல போல." பிறகு மேனேஜர் லீவு, திங்கள் எடுப்பார். திங்களும் போனது. சரி, அசல் பக்கெற்றின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று விடாமல் கேட்டேன். அனுப்பினார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். உள்ளடக்கத்தில் சீனி, அதற்கு அடுத்ததே பாம் விதைக் கொழுப்பு. கொக்கோ பட்டர் என்ற சொல்லே அதில் இல்லை. தங்கள் வாயாலேயே ஒப்புக்கொண்ட மாதிரித்தான். அதை வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினேன். "எல்லாம் ஒண்டுதான் அக்கா, டேஸ்ட்தானே முக்கியம்." எல்லாம் ஒன்று என்றால் ஏன் 15,000 ரூபாய்? என் 23,400 ரூபாயைத் திருப்பித் தாருங்கள் என்று எழுதினேன். அதற்குப் பதில்தான் புளொக். பெறாமகளின் போனில் பார்த்தேன், பக்கம் அப்படியே இருக்கிறது. அதே ஒடிக்கும் வீடியோ, கீழே புதிது புதிதாக ஆட்கள் விலை கேட்கிறார்கள்.

உலகச் சந்தையில் கொக்கோ 2024 கடைசியில் ஒரு தொன் 12,000 டொலரையும் தாண்டியது. கொக்கோ பட்டர் விலையேறும்போது இந்த மாதிரி ஏமாற்றும் கூடும் என்பதை மனதில் வைத்திருங்கோ.

வாங்கப் போகிறவர்களுக்கு விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். பக்கெற்றின் பின்பக்கப் படம் வராமல் ஒரு சதமும் போடாதேங்கோ. கொழுப்பு என்ற இடத்தில் கொக்கோ பட்டர் தவிர வேறு பெயர் முன்னுக்கு இருந்தால் அது கூவர்சர் இல்லை. லேபல் இல்லாத பையில் பிரித்துக் கட்டியதை வாங்காதேங்கோ. அச்சை நெளித்துக் காட்டச் சொல்லி வீடியோ கேளுங்கோ. பாசல் பிரிப்பதைப் படம் எடுங்கோ, குரல்பதிவுகளை அழிக்காதேங்கோ. முறைப்பாட்டுக்குப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்கும் சபை அது. நானும் அங்கேதான் வைப்புச் சிட்டை, படங்கள் எல்லாவற்றோடும் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன்.

"நானும் வன்னிப் பிள்ளைதான் அக்கா" என்று உங்களுக்கும் குரல்பதிவு வந்திருந்தால், காசு போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், எனக்குத் தனியாக எழுதுங்கோ. இரண்டு மூன்று பேரின் சிட்டை சேர்ந்தால் முறைப்பாடு பலமாக இருக்கும். 23,400 ரூபாய் திரும்பி வந்தால் அதையும் எழுதுவேன்.