குதிகால் நாண் வலி: அதிர்வலையா, படிக்கட்டுப் பயிற்சியா?

கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் குதிகால் நாணில் மாதக்கணக்கில் வலி நீடிப்பவர்கள், கருவியால் அழுத்த அலைகளை வலிக்கும் இடத்தில் செலுத்தும் அதிர்வலை சிகிச்சை மேலா, பயிற்சி மேலா என்று கேட்கிறார்கள். வலிப்பது நாணின் நடுப்பகுதியா, அது குதிகால் எலும்போடு ஒட்டும் இடமா என்று தெரியாமல் இதற்கு விடை சொல்ல முடியாது.

பயிற்சி முறையை 1998-இல் சுவீடனின் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் குழுவினர் வெளியிட்டனர். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைப் படிமட்டத்துக்குக் கீழே மெல்ல இறக்க வேண்டும். முழங்காலை நீட்டியும் மடக்கியும் 15 முறை வீதம் மும்மூன்று சுற்றுகள், நாளுக்கு இருவேளை, 12 வாரங்கள். செலவில்லை, ஆனால் வலியைப் பொறுத்துக்கொண்டு நாளொன்றுக்கு 180 முறை செய்யும் பொறுமை வேண்டும். அதிர்வலையோ, 1980-இல் மியூனிக்கில் சிறுநீரகக் கல்லை உடைக்கப் பயன்பட்ட நுட்பத்தின் வழிவந்தது. பெரும்பாலும் வாரம் ஒருமுறையாக மூன்று அமர்வுகள், அமர்வுக்குச் சுமார் 2,000 துடிப்புகள்.

ஜெர்மனியில் ரோம்பே குழுவினர் நடுப்பகுதி வலியுள்ள 75 பேரிடம் ஒப்பிட்டு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு மாதங்களில் பயிற்சியால் 60 விழுக்காட்டினரும் அதிர்வலையால் 52 விழுக்காட்டினரும் தேறினர். சிகிச்சையின்றிக் காத்திருந்தவர்களில் 24 விழுக்காட்டினரே தேறினர். ஆகவே நடுப்பகுதி வலிக்கு முதலில் பணம் செலவழிக்கத் தேவையில்லை என்பதே என் கருத்து. பயிற்சியோடு அதிர்வலையையும் சேர்த்தபோது 82 விழுக்காட்டினரும், பயிற்சி மட்டும் செய்தபோது 56 விழுக்காட்டினரும் தேறியதாக 2009-இல் அவர்களே காட்டினர். எனவே சில மாதப் பயிற்சிக்குப் பிறகும் வலி நீடித்தால் அதிர்வலையைக் கூடுதலாகச் சேர்க்கலாம், பயிற்சியை நிறுத்திவிடக் கூடாது.

எலும்போடு ஒட்டும் இடத்தில் வலி என்றால் கணக்கு மாறுகிறது. அதே குழுவின் 2008 ஆய்வில் அதிர்வலையால் 64, பயிற்சியால் 28 விழுக்காட்டினர் தேறினர். இந்த இடைவெளியை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு: குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கும்போது நாண் எலும்பின் மீது அழுந்துவதால், அந்தப் பயிற்சியே இவ்வகை வலிக்குப் பொருந்தாதது. தரைமட்டத்துக்குக் கீழே இறக்காமல் செய்வித்த மற்றொரு சிறிய சுவீடன் ஆய்வில் 67 விழுக்காட்டினர் பலனில் மனநிறைவு கொண்டனர். ஆனால் அதில் ஒப்பீட்டுக் குழு இல்லை.

கர்ப்பிணிகளும், இரத்தம் உறையாமைக் கோளாறு உள்ளவர்களும், சிகிச்சை தரும் இடத்தில் புற்றுக்கட்டி உள்ளவர்களும் அதிர்வலையைத் தவிர்க்க வேண்டும்; இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர் மருத்துவரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.