கோபர்நிக்கஸ் பிரவுசரில் அரிச்சல்முனை நுரை

ஒரு மாதமாகக் கோபர்நிக்கஸ் பிரவுசரும் கையுமாக இருக்கிறேன். ஐரோப்பியச் செயற்கைக்கோள் படங்களை இலவசமாகப் பார்க்கும் சேவை. நம் கரையில் அலை எங்கே உடைகிறது, கடல் எங்கே காற்றை உள்ளே இழுக்கிறது என்று பார்க்கத்தான் திறந்தேன். தாராளமாகப் பயன்படுத்துங்கள் என்பேன்.

அதில் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்குப் போய், ஜூன் ஜூலையில் மேகமில்லாத ஒரு நாளில் சென்டினல்-2 என்ற செயற்கைக்கோள் எடுத்த படத்தைத் திறங்கள். ஆண் கடல் என்கிற மன்னார் வளைகுடா பக்கம் கரையோரம் முழுக்க வெள்ளை நுரை, மணல் திட்டைத் தாண்டினால் பாக் நீரிணைப் பக்கத்துப் பெண் கடல் சாதுவாகக் கிடக்கிறது. வாடைக்காற்றில் இது தலைகீழாகிவிடும், ஆனால் அந்த மாதங்களில் பாதி நாள் மேகம் மூடிவிடுகிறது. பெரிய குறை அதுதான்.

வண்ணப் படத்தை மட்டும் நம்பாதீர்கள், கலங்கல் நீரும் ஆழமில்லாத மணலும் நுரை மாதிரியே வெளுத்துத் தெரியும். கஸ்டம் பகுதியில் பி8 என்ற அகச்சிவப்புப் பட்டையைப் போடுங்கள். அந்த ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிடும், நுரை திருப்பி அனுப்பும், அதனால் கறுப்பின் மேல் நுரை மட்டும் பளிச்சென்று நிற்கும். வெயில் மினுமினுப்பு இருந்தால் இதுவும் ஏமாற்றும், அந்த நாளை விட்டுவிடுங்கள். அப்புறம், பெரிதாக்கினால் சில அலைகளின் ஓரத்தில் நிறம் லேசாகப் பிரிந்திருக்கும். படத்தில் கோளாறு இல்லை. நீலத்தையும் சிவப்பையும் சுமார் ஒரு வினாடி இடைவெளியில் எடுக்கிறார்கள், அதற்குள் அலை நகர்ந்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சரி, நுரை ஏன் முக்கியம்? உடையும் அலை காற்றைக் குமிழிகளாகக் கீழே தள்ளுகிறது, அங்கே அழுத்தத்தில் வாயு கரைகிறது. நாம் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. அந்தக் கணக்கைப் பெரும்பாலும் காற்றின் வேகத்தை வைத்தே போடுகிறார்கள், ஆனால் ஒரே வேகத்தில் எல்லாக் கடலும் ஒரே அளவு நுரைக்காதே! அதனால்தான் நுரையையே அளக்கப் பார்க்கிறார்கள். 2003இல் ஏவிய விண்ட்சாட் போன்ற மைக்ரோவேவ் கருவிகளுக்கு, வெறும் நீரைவிட நுரை பிரகாசமாகத் தெரியும், மேகமும் அவ்வளவாகத் தடுக்காது. ஆனால் அவற்றின் ஒரு புள்ளியே பல கிலோமீட்டர் அகலம், பாக் நீரிணை மாதிரி ஒடுங்கிய கடலில் நிலம் கலந்துவிடும். சென்டினலுக்கோ ஒரு புள்ளி 10 மீட்டர், கரையோரத்துக்கு இதுவே சரி.

கடல் வாங்கும் வாயுவின் அளவைச் சென்டினல் படம் சொல்லாது. கரையில் ஆழம் குறைந்து உடையும் அலை வேறு, நடுக்கடலில் காற்றுக்கு நுரைக்கும் அலை வேறு, இரண்டையும் ஒரே கணக்கில் போடாதீர்கள்.

தொண்டியிலோ கீழக்கரையிலோ அறிவியல் நடத்தும் ஆசிரியர்கள் அவசியம் முயலுங்கள். செயற்கைக்கோள் உங்கள் ஊருக்கு மேலே வரும் நாட்களில், காலை பத்தரையிலிருந்து பதினொன்றுக்குள் கடக்கும். அந்த நேரத்தில் பிள்ளைகளைக் கரையில் நிறுத்தி நுரையைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள், படம் வந்ததும் ஒப்பிடலாம்.