டியூஷன் எடுப்பவர்களே, கற்றல் மென்பொருள் அறிக்கையில் வரும் பச்சைக் கோடுகளை நம்பிப் பணம் கட்டாதீர்கள்: எனக்குப் போனது ரூ.36,000

ஆன்லைன் கற்றல் மென்பொருள் ஒன்றுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டிருந்தேன். அந்த நிறுவனத்திடமிருந்து நேற்று மாலை கடைசிப் பதில் வந்தது. "உங்கள் டிக்கெட் மூடப்பட்டது." டிக்கெட் என்றால் என் புகார்ப் பதிவு. அவ்வளவுதான். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. ஆனாலும் இன்றே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அதை விற்ற ஆள் அடுத்த வாரம் இன்னொரு டீச்சருக்குப் போன் போடுவான்.

ஈரோடு பக்கம் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். 6 முதல் 10 வரை, சமச்சீர் பாடத்திட்டம், 40 பிள்ளைகள். பெரும்பாலும் தறி ஓட்டுகிறவர்கள், சாயப்பட்டறைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாவது வாரம் அந்தப் போன் வந்தது. வீடியோ பாடம், பயிற்சிக் கேள்விகள், வாரம் தவறாமல் ஆசிரியருக்கு முன்னேற்ற அறிக்கை என்று விற்கிற ஒரு ஆன்லைன் கற்றல் மென்பொருள். புகார் கொடுத்திருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை.

என்னை விழவைத்தது அந்த அறிக்கைதான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க டெஸ்ட் நோட்டு திருத்தினாலும், யாருக்கு எந்த இடத்தில் புரியவில்லை என்பதை 40 பேருக்கும் நினைவில் வைக்க முடியாது. போன் செய்தவன் திரையில் ஒரு மாதிரி அறிக்கையைக் காட்டினான். பிள்ளையின் பெயர், பாடம், பக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு கோடு. பெயரைத் தொட்டால் கீழே ஒரு வரி: "பகுதி வேறாக உள்ள பின்னங்களைக் கூட்டுவதில் தடுமாறுகிறார்." அந்த ஒரு வரிக்காகத்தான் பணம் கட்டினேன். ஒரு ஆசிரியருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

அப்புறம் அவன் சொன்னான்: "எங்கம்மாவும் டீச்சர்தாங்க மேடம். ஞாயித்துக்கிழமை கூட நோட்டுக் கட்டோடதான் உக்காந்திருப்பாங்க. உங்களைப் பார்த்தா அவங்க ஞாபகம்தான் வருது." அந்த இடத்தில் நான் நம்பிவிட்டேன். பிள்ளைக்கு வருடம் 900 ரூபாய், 40 பேருக்கு ரூ.36,000. இரவு 8 மணிக்குள் கட்டினால்தான் இந்த விலை, அதற்கப்புறம் 1,500 என்றான். சீட்டு எடுத்து மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம். 7.40-க்கு ஜிபேயில் போட்டேன்.

லாகின் விவரம் வந்தது ஒன்பதாம் நாள். இந்த ஒன்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமைதோறும் அறிக்கை வந்தது. மாதிரியில் காட்டிய அந்த வரி ஒரு பிள்ளைக்குக்கூட வரவில்லை, வெறும் கோடும் சதவீதமும்தான். கேட்டதற்கு, "டேட்டா சேரச் சேர வரும் மேடம்" என்றார்கள். நானும் அதை அப்படியே பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தேன். பச்சையைப் பார்த்து அவர்களுக்குச் சந்தோஷம்.

ஆகஸ்டில் ஒருநாள், ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் 1/2 + 1/3 எவ்வளவு என்று கேட்டேன். 2/5 என்று எழுதினாள். மேலே உள்ளதைத் தனியாக, கீழே உள்ளதைத் தனியாகக் கூட்டிவிட்டாள். அவள் அறிக்கையில் பின்னங்களுக்கு 92 சதவீதம், நல்ல பச்சை. அப்பாவின் போனை வாங்கிவரச் சொல்லி, எப்படிச் செய்கிறாய், காட்டு என்றேன். கேள்விக்கு நான்கு விடைகள். ஏதோ ஒன்றைத் தொட்டாள், தவறு. உடனே சரியான விடையை அதுவே காட்டியது. "மீண்டும் முயல்க" என்பதை அழுத்தினாள். அதே கேள்வி, அதே நான்கு விடைகள், அதே வரிசை. இந்த முறை பார்த்து வைத்ததைத் தொட்டாள். பத்துக்குப் பத்து. அறிக்கையில் ஏறுவது இந்தக் கடைசி மதிப்பெண் மட்டும்தான். முதல் முயற்சியில் எத்தனை சரி என்பது ஆசிரியர் பக்கத்தில் எங்கேயுமே இல்லை.

இன்னொரு பையன் மஞ்சள் காமாலையில் இரண்டு வாரம் படுத்திருந்தான். அந்த வாரத்து அறிக்கை, "4 மணி 10 நிமிடம் படித்துள்ளார்" என்றது. அவனுடைய தம்பி அதைப் போனில் திறந்து வைத்திருக்கிறான், வீடியோ ஒன்று முடிந்ததும் அடுத்தது தானே ஓடுகிறது, ஓடி முடிந்ததெல்லாம் "முடித்த பாடம்" என்று கணக்கில் சேர்ந்துவிட்டது. பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமே இல்லை. ஓடிய நேரத்தையும் தொட்ட எண்ணிக்கையையும் கூட்டி, அதற்கு முன்னேற்றம் என்று பெயர் வைத்து விற்றவர்கள் மேல்தான்.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் அந்தப் பெண்ணின் அம்மா வந்தார். ஒரு கையில் கணக்கு விடைத்தாள், 100-க்கு 27. இன்னொரு கையில் போன். "மிஸ், நீங்க அனுப்புனதுல எல்லாம் பச்சையாத்தானுங்க இருந்துச்சு?" என்றார். சத்தம் போடவில்லை, சண்டைக்கு வரவில்லை. என்னிடம் பதில் இல்லை. ரூ.36,000 போனதைவிட அந்தக் கேள்விதான் ராத்திரியெல்லாம் தூங்கவிடவில்லை.

அன்றே பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில், "டெக் டீம் பார்க்கிறாங்க மேடம்." ஒரு வாரம் கழித்து, "அறிக்கையில் பிழை இல்லை, அது ஈடுபாட்டு மதிப்பெண்." அதாவது புரிந்ததற்கு அல்ல, ஓடியதற்கும் தொட்டதற்கும் மதிப்பெண். விற்கும்போது இந்த வார்த்தையே வரவில்லையே என்றால், விதிமுறையில் இருக்கிறதாம். அப்புறம் இன்னொருவர், "பணம் கட்டிய 7 நாளுக்குள் கேட்டிருக்க வேண்டும்" என்றார். லாகினே ஒன்பதாம் நாள்தான் கொடுத்தீர்கள், எதை வைத்து ஏழு நாளுக்குள் கேட்பது? பதில் இல்லை. அம்மா டீச்சர் என்று சொன்னவன் என் எண்ணை பிளாக் செய்துவிட்டான். நானே விரும்பி அனுப்பிய பணம் என்பதால் ஒன்றும் செய்ய முடியாது என்று வங்கியிலும் கைவிரித்துவிட்டார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்திருக்கிறேன். டியூஷன் வியாபாரம்தானே, நீ நுகர்வோர் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கிய பொருளும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்கும். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடக் கட்டணமும் இல்லை. ஆன்லைனில் விற்கிறவர்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020 மின்வணிக விதிகளில் இருக்கிறது. எனக்கு வந்தது மூடிய டிக்கெட்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சில மட்டும். மாதிரி அறிக்கையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், உங்கள் பிள்ளைகள் இரண்டு பேரை ஒரு வாரம் சும்மா ஓடவிட்டு, வருகிற அறிக்கையைக் கையால் எழுதிய டெஸ்ட்டோடு வைத்துப் பாருங்கள். முதல் முயற்சி மதிப்பெண் தெரியுமா என்று கேளுங்கள், தெரியாதென்றால் வேண்டாம். பணம் திரும்பத் தரும் நாள்கணக்கு லாகின் கிடைத்த நாளிலிருந்து என்று எழுத்தில் வாங்குங்கள். ஆட்டோ டெபிட், அதாவது கணக்கிலிருந்து பணம் தானாகவே எடுத்துக்கொள்ளும் அனுமதி, கொடுக்கவே கொடுக்காதீர்கள், 2021 டிசம்பரிலேயே மத்தியக் கல்வி அமைச்சகம் இதைச் சொல்லிவிட்டது. "இன்று 8 மணிக்குள்" என்றால் போனை வைத்துவிடுங்கள்.

நாளை சாயங்காலம் பெற்றோர் எல்லோரையும் வரச் சொல்லியிருக்கிறேன். ஜூனிலிருந்து அனுப்பிய அறிக்கை ஒன்றையும் நம்ப வேண்டாம் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பின்னங்களை முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன், நோட்டில், பேனாவால்.